ஆக்சிலேட்டரைப் பிடிக்க ஒரு கை

"மாமா, அம்மா வண்டிக்கு இன்னொரு தடவை கம்ப்ரெஷன் பாருங்க."

சொல்லியே விட்டாள். இதை மட்டும் சொல்லவே கூடாது என்று, வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "சமையல்ல உப்பு இல்லன்னு சொல்லு, பொறுத்துக்குவார். முடிச்ச வேலையைத் திரும்பப் பாருங்கன்னு சொன்னா, ஒரு வாரத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். அவர் வீட்டுலதான் நீ இருக்கப்போறே. ஞாபகம் வச்சுக்கோ."

ஞாபகம் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

பட்டறை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார்.

"முதல்ல வாயைத் துடை, வாஷர். பேஸ்ட் நுரை ஒழுகுது."

வாஷர் என்பது அவள் பெயர் இல்லை. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் வாஷர் வளையம் மாதிரி, எந்த இரண்டு பேர் பேசினாலும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வதால் மாமா வைத்த பட்டம்.

அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். "துடைச்சாச்சு. பாருங்க."

"நேத்தே பார்த்து முடிச்சாச்சு. இன்னைக்குப் பழைய வண்டி வாங்கற வேன்காரர் வந்து எடுத்துட்டுப் போறார். போய்க் குளி."

பட்டறையின் மூலையில் அம்மாவின் வண்டி நின்றது. பெரிய மோட்டார் பைக். இரண்டு சிலிண்டர். அம்மா அதை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால், வீட்டுக்குள்ளிருக்கும் தட்டு டம்ளர் எல்லாம் கிலுகிலுவென்று ஆடும். "என்னையும் கூட்டிட்டுப் போ" என்று இவள் நச்சரிப்பாள். அம்மா பின்சீட்டில் தூக்கி உட்கார வைத்துப் பார்ப்பாள். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். "ஃபுட்ரெஸ்ட்டுக்குக் கால் எட்டட்டும். அன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

கால் எட்டுவதற்குள் அம்மாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது.

அம்மா போனபிறகு வண்டியை யாரும் எடுக்கவில்லை. போன வாரம் மாமா ஸ்டார்ட் செய்து பார்த்தார். உறுமவே இல்லை. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய அது லாயக்குத்தானா என்று பார்க்க, நேற்று கம்ப்ரெஷன் பார்த்தார். பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு கேஜைத் திருகி, ஸ்டார்டரை அழுத்தினால் உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் ஓடிக் காற்றை அமுக்கும். எவ்வளவு பலமாக அமுக்குகிறது என்று கேஜில் இருக்கும் முள் சொல்லிவிடும்.

முள் தொண்ணூறைத் தாண்டவில்லை. நூற்றைம்பதுக்குப் பக்கத்திலாவது வந்திருக்க வேண்டும்.

"உள்ள எல்லாம் தேஞ்சுபோச்சு" என்று மாமா ஸ்பீக்கர் போனில் அம்மாவிடம் சொன்னார். "சரிண்ணா, பார்ட்ஸுக்குக் குடுத்துடு" என்றாள் அம்மா. பிறகு இருமினாள். அம்மாவுக்கு அழுகை வந்தால் இருமல்தான் வரும். அது மாமாவுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும்.

"மாமா, ரெண்டு சிலிண்டரும் தொண்ணூறுதானே?"

"ஆமா."

"ரெண்டும் ஒரே மாதிரியா தேயும்?"

மாமாவின் துடைப்பம் நின்றது. "என்ன, எனக்கே பாடம் எடுக்கறியா?"

"இல்ல. நேத்து நீங்க ஸ்டார்டரை அழுத்தினப்போ ஆக்சிலேட்டரை யார் பிடிச்சா?"

மாமா வண்டியின் வலது கைப்பிடியைத் திரும்பிப் பார்த்தார். 

நேற்று அவள் பழைய டயர்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மாமா கேஜைப் பார்த்தபோது அவள் கேஜைப் பார்க்கவில்லை. வண்டியின் வலது பக்கத்தைப் பார்த்தாள். கம்ப்ரெஷன் பார்க்கும்போதெல்லாம் அம்மா அங்கேதான் நிற்பாள். வெளியூர் போகும்வரை தினமும் பட்டறைக்கு வந்து மாமாவுக்குக் கைகொடுப்பாள். மாமா "பிடி" என்பார். அம்மா ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்துக்கொள்வாள்.

நேற்று அந்த இடம் காலியாக இருந்தது.  பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏதோ குறைகிறது, ஏதோ குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அம்மா இல்லாததுதான் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் பல் தேய்க்கும்போதுதான் பொறி தட்டியது. அங்கே அம்மாவின் கையும் இல்லை.

"ஆக்சிலேட்டரைத் திருகலன்னா காத்து எப்படி உள்ள போகும்?" என்றாள். "மூக்கைப் பொத்திட்டு மூச்சை இழுன்னா, யாரால இழுக்க முடியும்? நீங்க அந்த வண்டியோட மூக்கைப் பொத்திட்டு, உசுரு இல்லன்னு சொல்லிட்டீங்க."

மாமாவின் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று அவள் தயாராக நின்றாள். ஒரு வாரம் என்ன, ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மாமா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். கேஜை எடுத்துவந்து திருகினார். "வந்து பிடி" என்றார். 

அம்மா நின்ற இடத்தில் அவள் நின்றாள். ஆக்சிலேட்டர் அவ்வளவு விறைப்பாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இரண்டு கையாலும் திருகிப் பிடித்தாள்.

"முழுசா?"

"முழுசா. விட்டுடாதே."

ஸ்டார்டர் முனகியது. முள் ஏறியது. தொண்ணூறு. அங்கே நிற்கவில்லை. நூற்றிருபது. அவள் பிடியை விடவில்லை. நூற்று நாற்பதைத் தாண்டி முள் நின்றது. அடுத்த சிலிண்டரும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நின்றது.

மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சட்டையில் இருந்த கிரீஸ் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. அதையே மாட்டிக்கொண்டார்.

"எத்தனை வருஷமா சேர்ந்து செஞ்ச வேலை" என்றார். "கேஜ் என்னோடது, ஆக்சிலேட்டர் அவளோடது. அதையும் நான்தான் பிடிக்கணும்னு தோணவே இல்ல பாரு."

"அப்போ ஏன் ஸ்டார்ட் ஆகல?"

"பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும். கார்புரேட்டரைக் கழுவினா ஓடும்."

தெருவில் ஹாரன் அடித்தது. வேன்காரர். மாமா தலையைச் சொறிந்தார். "எடுத்துட்டுப் போங்கன்னு வாக்குக் குடுத்துட்டேனே. உங்க அம்மாவும் சரின்னு சொல்லிட்டா."

"செத்த வண்டியைத்தானே குடுக்கச் சொன்னாங்க? இது சாகலையே. சாயங்காலம் அம்மா வேலை முடிச்சதும் போன்ல கேப்போம். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்லிக்கறேன்."

"மூக்குக் கதையை மட்டும் சொல்லிடாதே. மானம் போயிடும்."

"சரி. இன்னைக்குச் சொல்ல மாட்டேன்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேஜைத் துடைத்து டப்பாவில் வைக்கத் திரும்பினார். அந்த நேரத்தில் அவள் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை இறக்கினாள். இரண்டு பாதமும் ஃபுட்ரெஸ்ட்டில் அழுத்தமாகப் பதிந்தன.

முன்சீட்டில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தமில்லாமல் இறங்கினாள்.

மறுபடியும் ஹாரன்.

ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் அம்மாவிடம் முள் எங்கே நின்றது என்று சொல்ல வேண்டும். மாமா கண்ணாடியில் கிரீஸ் பூசிக்கொண்டதைச் சொல்ல வேண்டும். கால் எட்டிவிட்டது என்பதை மட்டும் சொல்லப்போவதில்லை. அதை அம்மா நேரில் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

வேன்காரர் கதவைத் திறந்து இறங்குவதற்குள், அவள் பட்டறை வாசலைத் தாண்டி வேனுக்கு முன்னால் போய் நின்றிருந்தாள்.