அடைத்த வீட்டில் ஓர் எலி

கனிமொழி உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே ஒரு சாம்பல் நிறக் காலுறை. பெருவிரல் வரும் இடம் கொறிக்கப்பட்டிருந்தது.

"எங்கம்மாவோடதுங்க. ராத்திரி போட்டுக்கிட்டுப் படுத்தாங்க. காலைல பாத்தா காலோடயே இப்படி. சர்க்கரை வியாதி, பாதம் மரத்துப் போச்சு. கடிச்சாலும் தெரியாது. நல்லவேளை, தோலுக்குப் போகல."

ஜான்சி கவரைத் திறக்காமலே திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் ரயிலடிக்குப் பக்கத்து மாடியில் இந்த நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். மருந்து வைப்பதில்லை. எலி வரும் வழியைக் கண்டுபிடித்து அடைத்துக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் தொழில்.

"உங்க சிதம்பரத்து வீட்ட நாங்கதானே அடைச்சோம்?"

"அதுக்குத்தாங்க வந்திருக்கேன். முதுநகர்ல அண்ணன் வீட்ல இருந்தப்ப எலி கடிச்சு, அந்தப் புண்ணு ஆறவே மாசக்கணக்காச்சு. அதனாலதான் அம்மா என் வீட்டுக்கு வந்தாங்க. ஒரு சுண்டெலிகூட நுழையாதுன்னு உங்க கம்பெனிப் பொண்ணு சொல்லுச்சு."

அறையின் மூலையில் நின்ற சிந்துஜாவின் முகம் வெளுத்தது. செல்வன் அதைப் பார்த்தான். பார்த்ததும் அவன் நெஞ்சுக்குள் ஏதோ இதமாக இறங்கியது.

செந்தமிழ்செல்வன் ஜான்சியோடு ஆரம்ப நாளிலிருந்தே இருப்பவன். ஏணி தூக்கியிருக்கிறான், சாக்கடையில் இறங்கியிருக்கிறான், மேடம் ஒரு சுவரைப் பார்த்தால் அடுத்து எந்தச் சுவரைப் பார்ப்பார் என்று சொல்லக் கற்றிருக்கிறான். சிந்துஜா இந்த வருடம்தான் சேர்ந்தாள். விலங்கியல் பட்டதாரி. ஒருநாள் அவள் அடைத்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மேடம், "இவ கை வெச்சா எறும்புகூட யோசிக்கும்" என்றார். அப்படி ஒரு வார்த்தையை அவனிடம் அவர் சொன்னதே இல்லை. அதற்குப் பிறகு அவன் சாப்பாட்டில் உப்புகூடக் குறைந்ததுபோல் இருந்தது. சிதம்பரத்து வீடு சிந்துஜா தனியாக முடித்த முதல் வேலை.

"எலிய யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார் ஜான்சி.

"இல்லிங்க. ராத்திரி சத்தம் மட்டும்தான். புழுக்கை கெடக்கு. மசால்வடை வெச்சுக் கூண்டு வெச்சேன், சீண்டல."

"சத்தம் எப்ப ஆரம்பிச்சுது? அதுக்கு முன்னாடி யாரு வந்துபோனாங்க?"

கனிமொழி யோசித்தாள். "போன ஞாயித்துக்கிழமையிலேந்து. அன்னைக்குக் கேஸ் அடுப்பு ரிப்பேர் பாக்குறவரு வந்தாரு. அண்ணன் வந்து, பரண்லேந்து அம்மாவோட டிரங்குப் பெட்டிய எறக்கிக் குடுத்துட்டுப் போச்சு. வேற யாரும் வரல."

வேனைச் செல்வன் ஓட்டினான். சிப்காட் ரசாயன ஆலைகளின் நெடி கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் உள்ளே வந்தது. பின்னால் சிந்துஜா, தான் அடைத்த இடங்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "எங்கயாவது ஒரு விரல் அளவு விட்டிருப்பே" என்றான் செல்வன், ஆறுதல் சொல்வதுபோல. அவள் முணுமுணுப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

சிதம்பரத்தில் அண்ணாமலை நகர்ப் பக்கம் புது வீடு. வாசலிலேயே கனமான உருவம் ஒன்று வழிமறித்தது. கனிமொழியின் அண்ணன் சுப்பராயலு, வீட்டில் எலி என்ற செய்தி மட்டும் கேட்டு முதுநகரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"நீங்கதானா அந்தக் கம்பெனி? ஒரு மொட்டவால் எலிய உள்ள விடாம தடுக்கத் துப்பில்ல, ஊரெல்லாம் போர்டு! அம்மா, நீ பெட்டியக் கட்டு. நம்ம வீட்டுக்குப் போவலாம்."

கூடத்து நாற்காலியில் இருந்த ராசம்மாள், "கத்தாதடா. அவுங்க பாக்கட்டும்" என்றார். தாலுகா ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற குரல். மகன் அடங்கினார்.

ஜான்சி நிதானமாக வீட்டைச் சுற்றி வந்தார். சுவரோரங்களில் விரலை வைத்து இழுத்தார். விரல் சுத்தமாகவே இருந்தது. சமையலறைப் பரணில் காற்றுத் துளை ஒன்று. சிந்துஜா அதற்கு உட்புறமாக இரும்புவலை அடித்திருந்தாள். வலையின் ஒரு மூலை அறுபட்டு மடிந்து கிடந்தது. மேலே ஊர்ந்துபோய்ப் பார்த்த சிந்துஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் நல்லா இழுத்துப் பாத்துட்டுத்தான் எறங்கினேன் மேடம்."

"செல்வன், நீ வெளிய ஏணி போட்டு அந்தத் துளையப் பாத்துட்டு வா" என்றார் ஜான்சி.

ஏணியின் உச்சியில் நின்று செல்வன் பார்த்தான். துளையின் வாய் முழுக்க ஒரு சிலந்திக்கூடு. பழையது, தூசி படிந்தது, ஒரு இழைகூட அறுபடாதது. இந்த வழியாக எலி என்ன, ஈகூட வரவில்லை. அப்படியானால் சிந்துஜாவின் மேல் தப்பில்லை.

கீழே போய்ச் சொன்னால் மேடம் அவளைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவன் முன்கூட்டியே பார்த்துவிட்டான். கை தானாக நீண்டது என்று பிறகு தனக்கே சொல்லிக்கொண்டான். தானாக நீளவில்லை. அவன்தான் நீட்டினான். ஒரே வீச்சில் கூடு கையோடு வந்துவிட்டது.

"ஓட்ட பெருசா இருக்கு மேடம்" என்றான் இறங்கி வந்து. "தாராளமா வரலாம்."

ஜான்சி அவன் சட்டைக் கையை ஒரு பார்வை பார்த்தார். "சரி" என்றார்.

பிறகு பரணிலிருந்து எடுத்த புழுக்கைகளை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து இடுக்கியால் உடைத்தார். உள்ளே ஏதோ மினுமினுத்தது. "மீன் செதில்" என்றார். "இந்த வீட்ல மீன் எப்ப சமைச்சீங்க?"

"புரட்டாசிங்க!" கனிமொழி பதறிவிட்டாள். "மாசம் பொறந்ததுலேந்து முட்டைகூட உள்ள வரல."

"அப்ப மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு ஒரு நெத்திலிக் கருவாடு வரப்போவுது. மசால்வடைய எடுத்துட்டு அத வைங்க. வீட்ட வேண்ணா நாளைக்குக் கழுவி விட்டுருங்க. அம்மா கதவச் சாத்திக்கிட்டு, கீழ துணி அடைச்சுப் படுக்கட்டும்."

ராசம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை அவர்கள் போனபோது கனிமொழி கூண்டின்மேல் ஒரு சாக்கைப் போர்த்தி வைத்திருந்தாள். ஜான்சி குனிந்து சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். திரும்ப மூடினார். "உங்க அண்ணன வரச் சொல்லுங்க" என்றார்.

சுப்பராயலு வந்ததும் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். கூண்டு நடுவில், மூடியபடியே.

"எலி தெனம் போற வழியில அதோட உடம்பு அழுக்கு கறுப்பாப் படியும்" என்று ஜான்சி தொடங்கினார், வகுப்பில் பேசுவதுபோல. "இங்க எந்தச் சுவத்துலயும் இல்ல. அந்தத் துளையோட விளிம்புல சுண்ணாம்பு வெள்ளையா இருக்கு. அப்ப இது வந்து போற எலி இல்ல. உள்ளயே மாட்டிக்கிட்ட ஒரே ஒரு எலி. செல்வன், நேத்து வெளிய என்ன பாத்தே?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. இப்போதும் பொய் சொல்லலாம். கூடு இல்லை, சாட்சி இல்லை. சிந்துஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் அழுத கண்.

"சிலந்திக்கூடு இருந்துச்சு மேடம்" என்றான். "முழுசா. அறுபடாம. அது வழியா எதுவும் வரல. நான்... நான்தான் அதக் கலைச்சேன். நேத்தே சொல்லியிருக்கணும்."

சிந்துஜா தலையை நிமிர்த்தினாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவன் கூண்டைப் பார்த்தான்.

"அப்ப வலைய யாரோ உள்ள நின்னு வெட்டியிருக்காங்க" என்றார் ஜான்சி. "எலி வெளியிலேந்து வந்த மாதிரி காட்டறதுக்கு. எலியக் கொண்டுவந்ததும் அதே ஆளு. அது வயித்துல மீன் செதில். கருவாட்டு வாசனை இருக்கற எடத்துல வளந்த எலி. வடை அதுக்கு ருசிக்கல."

"கேஸ் அடுப்புக்காரன் கையில கட்டிங் பிளேயர் இருந்துச்சுங்களே" என்றார் சுப்பராயலு, கொஞ்சம் வேகமாக.

"இருந்திருக்கும். ஆனா நேத்து இந்த எலிய யாருமே கண்ணால பாக்கல. கனிமொழி பாக்கல, அம்மா பாக்கல, நாங்க பாக்கல." ஜான்சி சாக்கை விலக்கினார். எலி கூண்டின் மூலையில் ஒடுங்கி நின்றது. வால் பாதிக்குமேல் இல்லை. "இது நேத்து பட்ட காயம் இல்ல. இத மொதல்ல புடிச்ச கூண்டோட கதவு விழுந்து நறுக்கியிருக்கு. நேத்து வாசல்ல நின்னு 'மொட்டவால் எலி'ன்னு சொன்னவரு நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுப்பராயலுவின் வீட்டை ஒட்டிக் கருவாட்டுக் குடோன் இருப்பது அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியும்.

"டிரங்குப் பெட்டிய எறக்கித் தரேன்னு நீயா ஏறினியே அண்ணா" என்றாள் கனிமொழி மெதுவாக.

"ஆமாண்டி!" அவர் எழுந்துவிட்டார். "கட்டைப்பையில கூண்டோட வெச்சு நான்தான் கொண்டாந்தேன். புண்ணு இருந்தப்ப தெனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனவன் யாரு? சீழ் தொடச்சுக் கட்டு போட்டவன் யாரு? ஆறினதும் உன் வீட்டுக்கு வந்து உக்காந்துட்டாங்க. தெருவுல ஒவ்வொருத்தனும் கேக்குறான், அம்மா பொண்ணு வீட்லயான்னு. போன்ல பேசினா 'கனி வீடு எவ்ளோ சுத்தம், கனி வீடு எவ்ளோ சுத்தம்'! ஒரு வாட்டி இங்கயும் எலி வரட்டும்னுதான்... சமையல்கட்டுல சத்தம் போட்டுட்டுக் கெடக்கும்னு நெனச்சேன்."

ஜான்சி அந்தக் காலுறையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதை விரித்தார். கொறிபட்ட இடத்தில் அவருடைய விரல் நுழைந்து வெளியே வந்தது. பெரிய உடம்பு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"இது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

அவர் அழுதது செல்வனுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. இவர் கூண்டில் சுமந்து வந்ததை நேற்று ஏணிமேல் தானும் கையில் வைத்திருந்ததாகத் தோன்றியது.

ராசம்மாள் மகனைப் பார்த்தார். "நீ கட்டு போட்டேடா. நான் இல்லைன்னு சொல்லலியே" என்றார். "சிங்குக்குக் கீழ ஓட்டை, அடைன்னு எத்தன வாட்டி சொன்னேன்? நாளைக்கு, நாளைக்குன்னே. நான் உன்னை விட்டுட்டு வரல. எலிய விட்டுட்டு வந்தேன். நீ ஒரு ஓட்டைய அடைச்சிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்."

கனிமொழியின் முகம் சட்டென்று வாடியது. அம்மாவின் கடைசி வார்த்தை அவளைக் குத்திவிட்டது. ராசம்மாள் அதையும் கவனித்தார்போல. "வந்துட்டேன். இனிமே இங்கதான் இருப்பேன்" என்றார். "தீபாவளிக்கு அங்க வரேன். அடைச்சிருந்தா."

வேனுக்குத் திரும்பும்போது செல்வன் ஜான்சியிடம், "நாளைலேந்து வர வேணாம்னா சொல்லிடுங்க மேடம்" என்றான்.

"உன் சட்டைக் கையில சிலந்தி நூல் ஒட்டியிருந்துச்சு. நேத்தே பாத்தேன்" என்றார் அவர். "நீயா சொல்றியான்னு பாத்தேன். சொல்லலைன்னா அனுப்பியிருப்பேன். சிந்துஜாகிட்டதான் நீ பேசணும், எங்கிட்ட இல்ல."

அவன் அவளிடம் போனான். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் வந்தது.

சிந்துஜா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஒரு ராத்திரி பூரா என் கையையே சந்தேகப்பட்டேண்ணா" என்றாள் பிறகு. "அத மட்டும் என்னால மறக்க முடியாது."

அடுத்த வாரம் முதுநகர் வீட்டு வேலையை ஜான்சி சிந்துஜாவுக்கே கொடுத்தார். செல்வனுக்குள் அதே பழைய எரிச்சல் கிளம்பியது. அது போய்விடும் என்று அவன் நம்பியிருந்தான். போகவில்லை. ஆனாலும் வேனை எடுத்துக்கொண்டு அவளோடு போனான். சிங்குக்கு அடியில் சுப்பராயலு தானே மண்டியிட்டு, சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார். சிந்துஜா அளவு சொன்னாள். செல்வன் வாசலில் கிடந்த உடைந்த பாட்டிலைச் சாக்கில் போட்டு நொறுக்கி எடுத்து வந்து அவளுக்கு முன்னால் வைத்தான்.

"கண்ணாடித் தூளையும் கலந்தா கொறிக்காது" என்றான். "உன் இஷ்டம்."

அவள் கரண்டியால் அள்ளிச் சிமெண்டில் போட்டாள்.