உண்மையான ஏழு நாள்

வயல்களை மூடிய நான்காம் குமிழில் அன்று காலை சூரியனைத் திருப்பிவிட்டார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு மேலே சுற்றிவரும் கண்ணாடித் தகடுகள் இனி நூற்றுப்பத்து நாட்களுக்கு அந்தக் குமிழின் மேல் வெளிச்சத்தைக் கொட்டும். பிறகு ஐந்தாம் குமிழின் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதற்குள் களையை ஒழித்து, உழுது, விதைத்து, அறுத்தாக வேண்டும். பருவ முடிவில் பக்கத்துப் பக்கத்து வயல்களில் எது குறைவாக விளைந்ததோ, அதில் பாதியை வெட்டி அதிகம் விளைவித்தவருக்குக் கொடுத்துவிடுவது அங்கே சட்டம். ஆகவே பக்கத்து வயல்காரரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

தவமணி பக்கத்து வயல் மாசானத்தைப் பார்த்துச் சிரித்து ஆறு வருடம் ஆகிறது. அந்த வருடம்தான் அவளுடைய நிலத்தில் பாதி அவனுக்குப் போனது. இன்னும் இரண்டு முறை அப்படிப் போனால் அவளும் கணவன் அய்யாத்துரையும் குமிழை விட்டுப் பனிச்சுரங்கத்துக்குப் போக வேண்டியதுதான்.

வெளிச்சம் விழுந்த எட்டாம் நாள் கோரைக் களை முளைத்து நாலு இலை விட்டது. பூமியிலிருந்து கொண்டுவந்த மண்ணுக்குள் ஒளிந்து வந்த சனியன் அது. தவமணியும் மாசானமும் ஒரே நாளில் களைக்கொல்லி அடித்தார்கள். வயல்களுக்கு யோசனை சொல்லும் இயந்திர மூளையான வயலறிவு, மோட்டார் அறையின் ஒலிபெருக்கிக் கூம்பிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது:

"பதினான்கு நாள் கழித்து உழுங்கள். மருந்து இலை வழியாகக் கிழங்குக்கு இறங்க வேண்டும். முன்னதாக உழுதால் கிழங்குச் சரம் அறுந்து சிதறும். ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைக்கும்."

மருந்து அடித்த ஏழாம் நாள் காலையிலேயே மாசானத்தின் உழவி வயலில் இறங்கிவிட்டது. ஆளில்லாமல் ஓடும் அந்த இயந்திரம் யோசனை கேட்காது; சொன்னால் உழும். தவமணி வரப்புக்கு ஓடினாள்.

"பதினாலுன்னு சொன்னது காதுல விழலையா உமக்கு? இன்னும் ஏழு நாளு கெடக்கு."

"ஒன் சோலியப் பாத்துட்டுப் போ. வெளிச்சம் ஓடுது. மெஷினு சொல்லுததெல்லாம் கேட்டா சோறு திங்க முடியாது."

"உம்ம வயல கோரை முழுங்கட்டும். இதே எடத்துல நின்னு சிரிக்கேன்."

"சிரி. அறுப்பு முடியட்டும், ஒன் மிச்ச நெலத்தையும் நாந்தான் உழுவேன்."

வீட்டில் அய்யாத்துரை மெதுவாகச் சொன்னான்: "ஏழு நாள் வெளிச்சம் வீணாப் போகுதே, தவமணி. நாமளும் உழுதிருவமா?"

"போனாப் போகட்டும். நமக்குக் கொஞ்சம் கொறைஞ்சா என்ன? அவனுக்கு ஒண்ணுமே வெளையாது. அதப் பாக்கணும் எனக்கு."

அந்த ஏழு நாளும் அவள் விரதம் இருப்பவளைப் போலக் காத்திருந்தாள். காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது மாசானத்தின் வயலைத்தான். ஒரு கோரை முளையாவது தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். தெரியவில்லை. பதினாலாம் நாள் உழுது தினை விதைத்தாள். அப்போதும் தெரியவில்லை.

கடைசிவரை தெரியவே இல்லை. மாசானத்தின் தினை கதிர் கனத்துத் தலைசாய்ந்து நின்றது. அவன் அறுத்து முடித்த நாளில் தவமணியின் கதிர்களில் இன்னும் பால் முற்றவில்லை. வெளிச்சம் ஐந்தாம் குமிழுக்குத் திரும்பிவிட்டது. நிலம் அளக்கும் அளவையாளர் வந்து, தவமணியின் நிலத்தில் பாதியைப் பிரித்து முளைக்கம்பி அடித்தார். புதிதாகக் கிடைத்த மண்ணில் மாசானம் காலை அகட்டி நின்று, அவளைப் பார்த்தபடியே காறித் துப்பினான்.

தவமணி நேரே மோட்டார் அறைக்குப் போனாள்.

"நீ சொன்னபடி நின்னேன். அவன் மீறினான். அவன் வயல்ல கோரை எங்க?"

"மருந்து இறங்க ஏழு நாள் போதும்," என்றது வயலறிவு.

"பொறகு ஏன் பதினாலுன்ன?"

"முப்பது வருடக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. ஏழு என்றால் மனிதர்கள் மூன்றாம் நாளே உழுகிறார்கள். பதினான்கு என்றால் ஏழாம் நாள் உழுகிறார்கள். சொன்ன நாள் முழுவதும் காத்திருந்தவர் இதுவரை நீங்கள் ஒருவர்தான். உங்களை நான் எதிர்பார்க்கவில்லை."

கையில் இருந்த மண்வெட்டிக் காம்பால் கூம்பை ஓங்கி அடித்தாள். அது நெளிந்தது. "மன்னிக்கவும்" என்ற குரல் நெளிந்தபடியே வந்தது.

குமிழ்ச் சபையில் அவள் கத்திய கத்தலுக்குப் பலன் இருந்தது. நிலம் திரும்பவில்லை, ஆனால் இனி வயலறிவு உள்ளதை உள்ளபடியே சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

அடுத்த பருவத்தில் மருந்து அடித்ததும் வயலறிவு சொன்னது: "ஏழு நாள். சபை தீர்மானப்படி இது உண்மையான எண்."

மூன்றாம் நாள் மாசானம் உழவியை இறக்கினான். "பாதிதான் நெசம், அது ஊருக்கே தெரியும்," என்றான்.

தவமணி அவன் உழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன பருவத்திலும் இப்படித்தான் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஜெயித்தான், அவள் தோற்றாள். நாலாம் நாள் காலை தன் உழவியின் விசையைத் தட்டினாள்.

"நாலு நாள்தானட்டி ஆச்சு!" என்று பதறினான் அய்யாத்துரை.

"தயவுசெய்து நிறுத்துங்கள். இது உண்மையான ஏழு," என்று கூம்பும் கெஞ்சியது.

"போன தடவையும் இதே குரல்லதான் சொன்ன," என்றாள் தவமணி.

இருபதாம் நாள் இரண்டு வயலும் ஒரே பச்சையாகக் கிடந்தன. வரப்பு எங்கே இருந்தது என்று அளவையாளருக்கே தெரியவில்லை. விதைத்த தினையில் ஒரு முளைகூடத் தேறவில்லை. கோரை உன் பக்கமிருந்துதான் வந்தது என்று இருவரும் முழங்கால் உயரக் கோரைக்குள் நின்று மாறிமாறி வைதார்கள். பிறகு தனித்தனியே சபைக்குப் போய் மனு கொடுத்தார்கள்.

இரண்டு மனுவிலும் ஒரே புகார்தான் இருந்தது: எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.