முப்பத்தொன்றாம் சுருள்

தேவிகுளம் தாலுகா கச்சேரியைத் தாண்டி ஏறும் பாதையின் முடிவில் கம்பெனியின் பழைய பங்களா இருந்தது. முத்துப்பேச்சி அன்றும் வழக்கம்போலக் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஆனி மாத மழை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. சுவர்களில் ஈரம் ஊறி, அறைகளில் பூஞ்சை வாடையும் மருந்து வாடையும் கலந்து நின்றன.

எஸ்டேட்டின் பழைய தாள்களைப் படம் பிடித்துப் பிலிம் சுருளாக்குவதுதான் அங்கே வேலை. தாளை மூடுபனியும் கரையானும் தின்றுவிடும், பிலிம் நிலைக்கும் என்று கம்பெனி நம்பியது. படம் பிடித்த தாள்கள் தேயிலை ஃபேக்டரி அடுப்புக்குப் போயின. சுருள்கள் இரும்பு லாக்கருக்குள் போயின. லாக்கருக்குச் சாவி கிடையாது, எண் சக்கரம்தான். அந்த எண் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். எங்கும் எழுதி வைக்கக் கூடாது. ஒருவர் தலைமைக் குமாஸ்தா மிக்கேல். மற்றவள் முத்துப்பேச்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் என்று, மருந்தில் பிலிம் கழுவும் இருட்டறை வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

"என்ன பேச்சி, இன்னைக்கும் சோறு கொண்டாரலையா? மருந்துத் தண்ணியக் குடிச்சே காலத்த ஓட்டிருவ போல," என்றார் மிக்கேல்.

அவள் சிரிக்க முயன்றாள். கொழுந்து பறிக்கும் குருவம்மாள் செத்த செய்தி வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சுருளைக் கழுவிக் காயவைத்ததும் ரீடர் பெட்டியில் மாட்டி, ஒவ்வொரு பக்கமும் திரையில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே தாள்களை எரிக்க அனுப்பலாம். போன மாதம் முப்பத்தொன்றாம் சுருளைப் பார்க்கும்போது, தாள்களை ஏற்ற வந்த லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. முத்துப்பேச்சி தொடக்கத்தில் கொஞ்சமும் முடிவில் கொஞ்சமும் பார்த்தாள். தெளிவாக இருந்தன. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மிக்கேல் கையெழுத்துப் போட்டார். லாரி போனது.

சாயங்காலம்தான் நடுப்பகுதியைப் பார்த்தாள். திரையில் பக்கம் பக்கமாக வெறும் கறுப்பு. படம் பிடிக்கும்போது கேமரா சிக்கி, அவள் மூடியைத் திறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளிச்சம் புகுந்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சுருளை லாக்கரில் வைத்துச் சக்கரத்தைக் கலைத்துவிட்டாள்.

சில நாள் கழித்துப் பதிவு கேட்டுக் குருவம்மாள் வந்தாள். இறந்துபோன புருஷன் சங்கையா நிரந்தர ஆள் என்று பதிவு இருந்தால், அவன் வேலையும் கம்பெனி கொடுத்த லயத்து வீடும் மகள் மூக்கம்மாளுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தப் பதிவு கறுப்பாய்ப் போன பக்கங்களில் இருந்தது.

"நல்லாப் பாரு தாயி. அவுக பேரு இல்லாம எப்படிப் போகும்?"

"பதிவுல இல்ல சித்தி," என்றாள் முத்துப்பேச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமைக்குள் வீட்டை விட வேண்டும் என்று உத்தரவானது. தம்பி வீட்டில் இடம் கேட்கக் கம்பத்துக்குப் புறப்பட்ட குருவம்மாள், காய்ச்சலோடு மழையில் நனைந்து, கம்பம்மெட்டு பஸ் நிறுத்தத்திலேயே சுருண்டு செத்துப்போனாள். மூக்கம்மாள் மட்டும் லயத்தில் இருந்தாள்.

அன்று மத்தியானம், மறுநாள் கம்பெனித் துரை வந்து சுருள்களைச் சோதிக்கப் போவதாக மிக்கேல் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். முப்பத்தொன்றைக் கொளுத்திவிட்டால் தொலைந்துபோனதாக ஆகிவிடும். முத்துப்பேச்சி லாக்கர் அறைக்குப் போனாள்.

விளக்கு அணைந்தது. பள்ளிவாசல் மின் நிலையம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், மழை பெய்தால் இங்கே மின்சாரம் தங்குவதில்லை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஓட்டின் மேல் மழை மட்டும் கேட்டது.

பிறகு ஒரு சத்தம். பல் சக்கரம் மெல்ல நகரும் சத்தம்.

அவள் இன்னும் லாக்கரைத் தொடவில்லை.

சக்கரம் நின்றது. திரும்பியது. நின்றது.

மருந்து வாடை போய், பச்சைக் கொழுந்தும் நனைந்த சாக்கும் மணத்தன. இரும்புக் கதவு தானாகத் திறந்து அவள் முழங்காலில் இடித்தது.

மின்சாரம் வந்தபோது பக்கத்து மேசையில் ரீடரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்றாம் சுருள் அதில் மாட்டியிருந்தது. திரை முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் ஆவி படிந்தது. குறுகியது. மறுபடி படிந்தது.

கண்ணாடிக்கு உள்பக்கமிருந்து யாரோ மூச்சு விட்டார்கள்.

"நல்லாப் பாரு தாயி."

மிக்கேல் வந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வெளிய சொல்லாத. கையெழுத்து என்னோடது. ரெண்டு பேரு பொழப்பும் போயிரும்," என்றார் அவர்.

சுருளை உள்ளே வைத்து, லாக்கரின் எண்ணை மாற்றினார். புது எண்ணை அவளிடம் சொல்லவில்லை. முத்துப்பேச்சிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் துரை வந்தார். மிக்கேல் சக்கரத்தைத் திருப்பினார். திறக்கவில்லை. மறுபடி திருப்பினார். நெற்றியில் வியர்த்தது. உடைக்க ஆள் கூப்பிடச் சொன்னார் துரை.

முத்துப்பேச்சியின் வலது கை தானாக உயர்ந்தது.

புறங்கையின் மேல் இன்னொரு கை படிந்திருந்தது. ஈரமான, வெடிப்பு விட்ட கை. கண்ணுக்குத் தெரியவில்லை. அது அவள் விரல்களை அழுத்திச் சக்கரத்தைத் திருப்பியது. ஒவ்வோர் எண்ணிலும் பொறுமையாக நிறுத்தியது.

கதவு திறந்தது.

"உனக்கு யாரு சொன்னா?" என்று கிசுகிசுத்தார் மிக்கேல்.

அவள் துரையின் பக்கம் திரும்பினாள். நடந்ததைச் சொன்னாள். குரல் சன்னமாகத்தான் வந்தது. ஆனால் லாரியிலிருந்து கம்பம்மெட்டு வரை ஒன்றையும் விடவில்லை.

அவள் வேலை அன்றே போயிற்று. சங்கையாவோடு வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, சனிக்கிழமைக்கு முன்பே வீட்டை மூக்கம்மாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஊருக்குப் புறப்படுமுன் முத்துப்பேச்சி லயத்துக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தாள். மூக்கம்மாள் கேட்டுக்கொண்டு வாசலில் அப்படியே நின்றாள். பிறகு கையை நீட்டினாள். முத்துப்பேச்சியும் நீட்டினாள்.

பிடித்ததும் மூக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்களை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"எங்கம்மா கை மாதிரியே இருக்குக்கா."

முத்துப்பேச்சி குனிந்து பார்த்தாள்.

மூக்கம்மாளின் விரல்கள் அவள் கையைத் தொடவே இல்லை. இருவர் கைக்கும் நடுவே ஒரு கை அளவுக்கு இடம் இருந்தது.