சுத்தமான ரத்தம்

போன் அலறியது!

வக்கீலம்மா அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். மறுமுனையில் பெயின்டரின் மனைவி. அழுதுகொண்டே பேசினாள்.

"மேடம்... லேப் ரிசல்ட் வந்துடுச்சாம். டியூப்ல இருக்கற ரத்தம் சுத்தமா இருக்காம். கேஸ் அவ்வளவுதானா?"

"அழாதீங்கம்மா. சாப்பிட்டுட்டு யோசிக்கறேன். பசியோட யோசிச்சா எனக்குக் கோபம்தான் வரும்."

சொன்னாளே தவிர, சாப்பாடு இறங்கவில்லை.

சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர் பெயின்டர். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பை ரத்தம் ஏற்றினார்கள். கால் நேரானது. கல்லீரல் கெட்டது! ரத்தத்தோடு மஞ்சள் காமாலைக் கிருமியும் ஏறிவிட்டது என்று வக்கீலம்மா வழக்குப் போட்டாள். பரிசோதித்துத்தான் ஏற்றினோம், கிருமி வேறெங்கோ தொற்றியிருக்கும் என்று ஆஸ்பத்திரி கையை விரித்தது.

ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு சின்ன டியூபில் கொஞ்சம் ரத்தம் பிடித்து, பையின் நம்பரை ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைப்பது ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் வழக்கம். நாளைக்கே வம்பு வந்தால் சாட்சி சொல்லும். கோர்ட் உத்தரவில் லேபுக்குப் போன அந்தச் சாட்சியே இப்போது பல்டி அடித்துவிட்டது.

தோற்றால் பெயின்டருக்கு மருந்து இல்லை. மருந்து இல்லையென்றால் பெயின்டரே இல்லை.

வக்கீலம்மா ஒரு கையால் சாப்பாட்டைப் பிசைந்தபடி, மறு கையால் ஃபைலைப் புரட்டினாள். ரத்தம் கொடுத்தவர் நிரப்பிய படிவத்தின் நகல் வந்தது. கொடுத்தவர் யாரென்று வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். பெயர், முகவரி, ஆணா பெண்ணா... எல்லாவற்றின் மேலும் ஆஸ்பத்திரி மேனேஜர் தன் கையாலேயே கறுப்பு மை பூசி அனுப்பியிருந்தார்.

பதினான்காவது கேள்வியில் அவள் கண் நின்றது.

அப்புறம் சாப்பாடு நன்றாகவே இறங்கியது. அன்று மாலையே, லேபிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டி கோர்ட்டில் மனுப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, கூண்டில் மேனேஜர். 'சென்ட்' என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும்.

"டியூப் வச்சிருந்த ஃப்ரிட்ஜுக்கு எத்தனை சாவி சார்?" வக்கீலம்மா கேட்டாள்.

"ஒண்ணுதான். எங்கிட்டதான் இருக்கும்."

"வேற யாரும் திறக்க முடியாது?"

"ஈ எறும்பு நுழைய முடியாது மேடம்."

"உங்க ரத்தம் என்ன குரூப்?"

சென்ட்டை மீறி வியர்த்தது.

"ஓ பாசிட்டிவ்... அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரத்தம் குடுத்தவங்களுக்கும் அதே குரூப். அதனால கேட்டேன்."

படிவத்தை நீதிபதியிடம் நீட்டினாள். மேனேஜர் மை பூச மறந்த இடத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னாள்.

நீதிபதி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "கேள்வி பதினாலு. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறீர்களா? பதில்... நிறுத்தி இரண்டு வருடமாகிறது."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ரத்தம் குடுத்தது ஒரு அம்மா, ஐயா. டியூப்ல இருக்கறது ஆண் ரத்தமா, பெண் ரத்தமான்னு மட்டும்தான் லேபைக் கேட்டேன். பதில் உங்க கையில இருக்கற கவர்ல இருக்கு."

கவர் கிழிந்தது.

"ஆண்," என்றார் நீதிபதி.

வக்கீலம்மா கூண்டுப் பக்கம் திரும்பினாள். "கையை நீட்டுங்க சார். ஒரு சொட்டு போதும், ஒத்துப் பார்த்துடலாம்."

மேனேஜர் கையை நீட்டவில்லை. வாயைத் திறந்தார். பரிசோதனை கிட் தீர்ந்துபோனது, ஆபரேஷன் அவசரம், சோதிக்காமலேயே ஏற்றச் சொன்னது, புகார் வந்ததும் தன் ரத்தத்தை டியூபில் நிரப்பி வைத்தது... எல்லாம் கொட்டியது.

பெயின்டருக்கு ஆயுள் முழுக்க வைத்தியம் ஆஸ்பத்திரியின் பொறுப்பு என்று தீர்ப்பானது. விஷயமே தெரியாமல் கிருமியோடு நடமாடும் அந்தத் தாயையும் தேடிப் பிடித்து வைத்தியம் பார்க்க உத்தரவு. மேனேஜரைப் போலீஸ் ஜீப் ஏற்றிக்கொண்டது.

பெயின்டரின் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

"இத்தனை வருஷமா ரத்த வங்கி நடத்தறாரே மேடம்... ஒரு தடவையாவது ரத்ததானம் பண்ணியிருப்பாரா?"

"ஒரே ஒரு தடவைம்மா," என்றாள் வக்கீலம்மா. "அதையும் நம்ம கேஸுக்குத்தான் குடுத்திருக்கார்."