காப்பகத்தின் இரவுப் பதிவுகள்

கட்டட வரைபடங்களை வைத்திருக்கும் பிரிவைவிடப் பிள்ளைகள் காப்பகத்தின் ஃபோல்டர் பெரிதாக இருந்தது. கம்பெனியின் சர்வர்களில் எந்தப் பிரிவு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அலசி, மாலைக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியது அவள் வேலை. பட்டியலில் அந்த வரி வந்ததும் புருவம் சுருங்கியது. ஊழியர்களின் பிள்ளைகள் பதினோரு பேர் பொம்மைக்கு அடித்துக்கொண்டு, அழுது, தூங்கி எழுகிற கீழ்த்தள அறை அது. அவளுடைய நாலு வயது மகனும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன்.

மேனேஜர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“யாரோ சினிமாவா ஏத்தி வச்சிருக்காங்க. பிள்ளைங்க ஃபோல்டர்னா எவன் பாக்கப் போறான்னு நெனப்பு. ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்.”

அவளுக்கும் அதே சந்தேகம்தான். டெண்டர் ஃபைல்களுக்கு நடுவே ஒளிந்திருந்த கல்யாண வீடியோவைக்கூட மோப்பம் பிடித்து எடுத்தவள் அவள். “சந்தேகப்படுறதுக்குத்தான் உனக்குச் சம்பளமே” என்று கணவர் கிண்டல் செய்வார்.

உள்ளே சினிமா இல்லை. காப்பகத்தின் கூரையில் இருக்கும் கேமராவின் பதிவுகள்தான். அறையில் ஏதாவது அசைந்தால்தான் அந்தக் கேமரா பதியும். அசைவு நின்றால் அதுவும் நின்றுவிடும். இடத்தை மிச்சம் பிடிக்க அவளே செய்துவைத்த ஏற்பாடு. அப்படியென்றால் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டியபின் மறுநாள் காலைவரை ஒரு ஃபைல்கூட இருக்கக் கூடாது. போன செவ்வாய் இரவில் பதினொரு மணி நேரப் பதிவு இருந்தது. புதன் இரவு ஒன்பது மணி நேரம். வியாழன் ஆறு. வெள்ளி நாலு. ஆபீஸே திறக்காத சனிக்கிழமை ஒன்றரை. நேற்று, ஞாயிறு, நான்கு நிமிடம்.

யாரோ ராத்திரியில் அங்கே தங்குகிறார்கள். இன்டர்காமில் ஆயாவைக் கூப்பிட்டாள்.

“ஆயா, ராத்திரி அங்க யாராவது படுத்துக்கிறாங்களா?”

“இங்கயா? பூட்டி சாவிய செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுத்தாங்க மேடம் பஸ்ஸே ஏறுறேன். ஏன், என்ன காணோம்?”

“எதுவும் காணோம்னு நான் சொல்லலியே.”

“கேக்குற தோரணை அப்படி இருக்கு. உங்க வாண்டு நல்லாத் தூங்குறான் மேடம். ஒரு வாரமா அவ்ளோ சமத்து. கூப்பிட்ட குரலுக்கு வந்து நிக்கிறான்.”

பேச்சை ஏன் பிள்ளையின் பக்கம் திருப்புகிறாள்? எதையோ மழுப்புவதாகப் பட்டது. ஆனால் ஆயா சொன்னது பொய்யில்லை. வீட்டிலும் வாண்டு இப்போதெல்லாம் ஊட்டியதைத் துப்புவதில்லை, விளக்கை அணைக்காதே என்று அடம்பிடிப்பதில்லை. பிள்ளை திருந்திவிட்டான் என்று கணவருக்கு வாயெல்லாம் பல்.

செவ்வாய் இரவைத் திறந்தாள். தலைக்கு மேல் ஏசி முனகியது, யாருடைய டப்பாவிலிருந்தோ ஆறிப்போன சாப்பாட்டு வாசனை வந்தது, பின்வரிசையில் ஒருவர் பேனாவை அழுத்தி அழுத்தி டிக் டிக் என்று சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார். திரையில் சாம்பல் நிற இருட்டு. சுருட்டி அடுக்கிய பாய்கள், கவிழ்ந்து கிடக்கும் யானைப் பொம்மை, கதவருகே ஒரு சின்ன உருவம். எட்டாத தாழ்ப்பாளை எம்பி எம்பித் தொடப் பார்த்தது. கேமராவில் சத்தம் பதியாது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. உருவம் திரும்பியதும் படத்தை நிறுத்தி முகத்தைப் பெரிதாக்கினாள்.

வாண்டு.

செவ்வாய் இரவு வாண்டு அவள் கைமேல் தலைவைத்துத் தூங்கினான். கை மரத்துப்போனது நன்றாக நினைவிருந்தது.

புதன் காலைப் பதிவு. ஆயா கதவைத் திறந்து விளக்கைப் போடுகிறாள். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். ஆயா அவனைத் தாண்டிப் போய் ஜன்னலைத் திறக்கிறாள்.

புதன் மாலை. அவளே வருகிறாள். பாயிலிருந்து ஒரு வாண்டு பையை மாட்டிக்கொண்டு எழுந்து வருகிறான். கதவருகே இருந்து இன்னொரு வாண்டு ஓடி வந்து அவள் துப்பட்டாவைப் பிடித்துத் தொங்குகிறான், கத்துகிறான். அவள் பை மாட்டியவனைத் தூக்கிக்கொள்கிறாள். கீழே குனிந்து பார்க்கவே இல்லை. துப்பட்டா கதவில் மாட்டிக்கொண்டதாக நினைத்து அன்றைக்கு வெடுக்கென்று இழுத்தது இப்போது ஞாபகம் வந்தது.

வியாழன் இரவு அவன் உட்கார்ந்திருந்தான். வெள்ளி, தவழ்ந்தான். சனி, படுத்திருந்தான். நேற்றைய நான்கு நிமிடத்தில் ஒரு கை எழுந்தது. விழுந்தது.

ரிப்போர்ட்டை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

காப்பகத்தில் மற்றப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். பை மாட்டிய பிள்ளை சிரித்துக்கொண்டு எதிரே வந்தது. அவள் விலகிப் போய்க் கதவருகே மண்டியிட்டுத் தரையைத் தடவினாள்.

“என்ன மேடம், கம்மல் விழுந்துடுச்சா?” என்றாள் ஆயா.

“வாண்டு. அம்மாடா. அம்மா வந்துட்டேன்டா.”

“அங்க வேணாம்மா,” என்றது முதுகுக்குப் பின்னால் பிள்ளையின் குரல். “வீட்டுக்குப் போலாம்.”

திரும்பவில்லை. தடவினாள். தரை. தூசி. தரை. மறுபடி தரை.

ஒரு விரல்.

குச்சிபோல. சில்லென்று.

அது அவள் விரலைப் பற்றியது. பற்றியதும் பார்த்தாள். காய்ந்து வெடித்த உதடு, ஒட்டிய கன்னம், அதே கண்.

“ஏம்மா என்னை விட்டுட்டுப் போன?”

வாரி எடுத்தாள். கனமே இல்லை. உயிர் இருக்கிறது, அது போதும் என்று அழுதாள். அழுதபடி எழுந்து வாசலுக்குத் திரும்பினாள்.

வாசலில் ஆயா பேசிக்கொண்டிருந்தாள்.

“கம்மல் கிடைச்சுதா மேடம்?”

“கிடைச்சுது ஆயா.”

வாசலில் நின்ற ஒருத்தியிடமிருந்து அவளுடைய குரல். அவளுடைய துப்பட்டா. இடுப்பில் பை மாட்டிய பிள்ளை.

“ஆயா,” என்று கத்தினாள். “ஆயா, நான் இங்க இருக்கேன்.”

ஆயா அவள் அங்கே இல்லாததுபோல ஜன்னல்களை ஒரு பார்வை பார்த்தாள். விளக்கை அணைத்தாள். வராந்தா வெளிச்சத்தில் அந்தப் பெண் திரும்பி நடந்தாள். அவள் தோளுக்கு மேலிருந்து பிள்ளை மட்டும் இவர்கள் இரண்டு பேரையும் நேராகப் பார்த்து, கையை ஆட்டி ஆட்டி டாட்டா காட்டியது.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே பூட்டில் சாவி திரும்பியது.