காற்று ஒழுகும் இடம்

மகள் ஏறினால் மட்டும் அந்தக் கார் பெட்ரோலைக் குடித்தது.

மெக்கானிக்கான அப்பா தனியாக ஓட்டினால் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர். அவள் ஓட்டினால் எட்டு. சின்னப் பெண், ஆக்ஸிலேட்டரை வதைக்கிறாள் என்று நினைத்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதே சாலையில் அதே வேகத்தில் அவரே ஓட்டிப் பார்த்தார். அப்போதும் எட்டு.

பதினான்கு வருஷப் பழைய டர்போ வண்டி. பிளக், ஃபில்டர், டயர் காற்று, பிரேக் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நாளைக் காலையில் அவள் புது வேலைக்கு அதில் தனியாக அறுநூறு கிலோமீட்டர் போகவேண்டும்.

வண்டி வந்த மூன்று மாதத்தில் நடந்த ஒரே நல்ல காரியம், பிறந்ததிலிருந்து அவளைப் பாடாய்ப் படுத்திய வீசிங் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனதுதான். இன்ஹேலரை எங்கே வைத்தோம் என்பதுகூட அவளுக்கு இப்போது ஞாபகமில்லை.

ஞாயிறு மதியம். தகரக் கூரையில் மழை சரளைக் கல்லாய்க் கொட்ட, ஓட்டையைத் தேட விடப்போகும் புகை கலையக்கூடாதென்று ஷட்டரை இறக்கி, ஃபேனையும் நிறுத்தியிருந்ததால், கருகிய ஆயிலும் ஈர ரப்பரும் கலந்த வாடை ஒர்க்‌ஷாப் முழுக்கக் கனத்துக் கிடந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் வாயில் புகை மெஷினின் அடைப்பானைச் செருகினார். உள்ளே புகையை அனுப்பினால், ஓட்டை இருக்கும் இடத்தில் அது எட்டிப் பார்க்கும். வண்டிச் சாவி அவர் சட்டைப் பையில்.

பத்தடி தள்ளி, பழைய டயர் அடுக்கின்மேல் போனும் கையுமாக மகள்.

"ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க. பொண்ணு வண்டின்னா மட்டும் கை ஓடலையாப்பா?"

"வாய் மட்டும் நல்லா ஓடுது உனக்கு. டர்போ தள்ளுற காத்து எங்கயோ ஒழுகுது கண்ணு. அதைக் கண்டுபிடிச்சு அடைச்சிட்டா நாளைக்கு நிம்மதியா போகலாம்."

மெஷினைப் போட்டார். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஹோஸாக, ஒவ்வொரு கிளாம்பாகத் தடவினார். ஒரு இழை புகை இல்லை. ஆனால் உள்ளே போனது எங்கோ போய்க்கொண்டிருந்தது. மெஷின் மீட்டரில் முள் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. சீராக.

புகை வாடை முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினார்.

"என்னப்பா அப்படிப் பாக்கறீங்க?"

கேள்வியோடு சேர்ந்து, அவள் உதடுகளுக்கு நடுவிலிருந்து வெள்ளையாகப் புகை வழிந்தது.

"ஐயே, ஒரே புகை. எங்கேருந்துப்பா வருது?" கையால் விசிறினாள். மூக்கிலிருந்தும் வந்தது. மெல்லிசாக. இரண்டு இழை.

பதறிப்போய் மெஷினை அணைத்தார்.

"அப்பா, எனக்கு..."

அதோடு நின்றது. வாய் திறந்தபடி. கை தொண்டையில். நெஞ்சு அசையவில்லை.

அடைப்பானைப் பிடுங்கி எறிந்தார்.

ஹா என்று அவள் மூச்சை இழுத்தாள்.

குழாயும் இழுத்தது.

அவள் விட்டாள். குழாயும் விட்டது, அவர் முகத்தில், வெதுவெதுப்பாக. இஞ்சின் ஓடவில்லை. சாவி பையில் இருந்தது.

காற்றை இழுக்கும் குழாயைக் கண்டால் உள்ளங்கையை வைத்து எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பது அவருடைய முப்பது வருஷப் பழக்கம். மனம் வேண்டாம் என்று சொல்வதற்குள் கை போய்விட்டது.

கவ்விக்கொண்டது.

இழுத்தார். வரவில்லை. பம்பரில் காலை முட்டுக் கொடுத்து இழுத்தார். தோல் உள்ளே போனது.

போன் விழுந்த சத்தம். டயரில் நகங்கள் பிறாண்டும் சத்தம்.

"விடும்மா! இழுக்காதே! ஒரு நிமிஷம் மூச்சு இழுக்காதே கண்ணு!"

அவள் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டினாள். மூச்சுக்காக அவள் எவ்வளவு போராடினாளோ, அவ்வளவுக்கும் குழாய் அவர் கையை இறுக்கியது.