ஒன்பதாம் பாட்டின் மூச்சு

மேற்றிசையில் கதிரவன் மறைய, கீழ்த்திசையில் முழுமதி எழ, காவிரியின் அகன்ற நீர்ப்பரப்பெல்லாம் மினுங்கத் தொடங்கிய அந்தி வேளையில், கொற்றங்குடிக் கோட்டையின் படிகளில் பூதி நங்கை மெல்ல ஏறிக்கொண்டிருந்தாள். வாசகர்களே, அந்த அழகையெல்லாம் நாம்தான் பார்க்கிறோம், அவள் பார்க்கவில்லை. முழங்கால் வலி ஒரு பக்கம், மன அலுப்பு ஒரு பக்கம். எதிரே தென்கரையில் பகைவர் பாசறை இறங்கியது முதல், ஒற்றரென்று பிடிபட்டவரெல்லாம் தம்மை வானநூல் மாணாக்கர் என்றே சொல்லிக்கொண்டார்கள். கோட்டையில் வானநூல் கற்றவள் அவள் ஒருத்திதான் என்பதால், அவர்கள் சொல்வது மெய்யா என்று சோதிப்பது அவள் வேலையாயிற்று. அவள் இல்லையென்று தலையசைத்த ஒருவனை மறுநாளே கழுவேற்றினார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான உறக்கமில்லை.

இன்று பிடிபட்டவன் மீசை அரும்பிய வாலிபன். தலயாத்திரை செல்லும் மாணாக்கன் என்றான். கிரகண நூலை ஓதும்படி படைத்தலைவர் மழவராயர் பணித்தார். கணீரென்று ஓதிவந்தவன், ஒன்பதாம் பாட்டின் நீண்ட அடியில், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தி, மூச்சு இழுத்துக்கொண்டு தொடர்ந்தான்.

அது நங்கைக்குத் தெரிந்த நிறுத்தம். அவளுடைய ஆசான் ஈளை நோயாளி. அந்த அடியை ஒரே மூச்சில் சொல்ல அவரால் இயலாது. அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தியே அவருடைய மாணாக்கர் இருவருக்கும் அது பழகிவிட்டது. ஒருத்தி நங்கை, அவள் எவருக்கும் கற்பித்ததில்லை. மற்றவன் சீராளன். விரைவில் வந்து மாலையிடுவதாக அவளிடம் சொல்லித் தென்கரை மன்னர் அவைக்குச் சென்றவன், பகை மூண்டதால் அங்கேயே தங்கிவிட்டவன். ஆக, சீராளனிடம் பயின்று பகைவர் அவையிலிருந்து வந்திருக்கும் இந்தப் பிள்ளை மாணாக்கனும்தான், ஒற்றனும்தான்.

"அம்மையே, இவன் மாணாக்கன்தானா? அது ஒன்றைச் சொல்லுங்கள், போதும்" என்றார் மழவராயர்.

"மாணாக்கன்தான், படைத்தலைவரே. என் ஆசானே ஓதியது போலிருக்கிறது."

கேட்ட கேள்விக்கு அது உண்மையான விடை. கேட்காத கேள்விக்கு அவள் வாய் திறக்கவில்லை. ஆனாலும் உண்ட சோற்றுக்குத் துரோகம் செய்ய அவளுக்கு மனமில்லை. அவனை வழியனுப்பும் சாக்கில் நீர்வாயில் வரை தானே நடந்தாள். நீ யாரென்று தெரியும் என்றாள். கோட்டையில் கண்டதை எவரிடமும் உரைப்பதில்லை என்று ஆசான்மேல் ஆணையிடச் சொன்னாள். அவன் அவள் காலைத் தொட்டு ஆணையிட்டான். பரிசலில் ஏறப் போனவனை அவள் நிறுத்தினாள்.

"உன் ஆசானும் ஒன்பதாம் பாட்டில் அந்த இடத்தில் நிறுத்துகிறாரா?"

"எங்கள் எல்லோரையும்விட நெடுநேரம் நிறுத்துவார், அம்மையே. சாளரத்தின் வழியே இந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏதோ கணக்குப் போடுகிறார் என்று நாங்கள் காத்திருப்போம்."

பரிசல் நடு ஆற்றை அடைந்தது. நங்கை அந்த ஒன்பதாம் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மூச்சு விடும் இடம் வந்தது. நிறுத்தினாள். அதற்குமேல் அவளால் தொடர முடியவில்லை.